அணங்கும் இறையும்

அச்சம் தரும் படங்களை மக்கள் ஏன் பணம் கொடுத்துப் பார்க்கின்றனர் என்னும் வினா, திரைப்படக் கலை தோன்றிய நாள்தொட்டுக் கேட்கப்பட்டு வருவதாகும். அழகைக் காணச் செல்வோர் உண்டு. நகைக்கச் செல்வோர் உண்டு. அழுது மனம் ஆறச் செல்வோரும் உண்டு. நடுங்குவதற்கென்றே நுழைவுச்சீட்டு வாங்குவோரின் மனத்தை அறிவது அத்துணை எளிதன்று. அதிலும், கதைப்போக்குத் தெளிவாக அமையாமல், கனவைப் போலத் துண்டுதுண்டாய்த் தோன்றி, முடிந்த பின்னும் மனத்தை விட்டு அகலாமல் வருத்தும் படங்கள் சிலர்க்கு எவ்வாறு இனிக்கின்றன என்பது இன்னும் அரிய வினா. இதனைப் பொதுவில் வைத்துப் பேசுவதினும், நம் தங்கவயல் மண்ணைக் களனாகக் கொண்டு 2024 ஆகஸ்டு 15 அன்று வெளிவந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' படத்தை முன்னிறுத்திப் பேசுவதே இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்குப் பொருந்துவதாகும்.

அப்படத்தை நாம் பெங்களூரில் உறவினர் சூழ இருந்து பார்த்தோம். உடன் வந்தோருள் ஒருவர் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த பெரியவர், எண்பதைக் கடந்தவர். வெளியே வந்ததும் அவருடைய பேரன், "தாத்தா, இதெல்லாம் நெசமா? அங்க பேய் இருந்துச்சா?" என்று கேட்டான். பெரியவர் சற்று நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "பேயெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. படத்துல ஆழமே இல்லியே. எல்லாரும் மேலயே நோண்டறாங்க" என்றார். இன்னும் சில அடி நடந்தபின் தாமாகவே, "கனவு வருது பாரு, அது மட்டும் சரி. எனக்கும் வரும். கேஜ் எறங்கிக்கிட்டே இருக்கும். நிக்கவே நிக்காது" என்றார்.

நூல் பல கற்ற திறனாய்வாளர் இப்படத்தைப் பற்றி எழுதியவற்றுள் நாம் படித்தவை சில. அவற்றுள் எதுவும் இவ்விரு கூற்றுகளின் அளவுக்கு நம்மைச் சிந்திக்க வைக்கவில்லை.

கனவுநிலைக் கலை, அதாவது சர்ரியலிசம் என மேலைநாட்டார் வழங்குவது, 1924இல் பாரிசில் ஆந்திரே பிரெதோன் வெளியிட்ட அறிக்கையோடு பிறந்தது என்று கலை வரலாறு கூறும். அஃது அந்தப் பெயருக்கு மட்டுமே பொருந்தும் கூற்று. போர்க்களத்தில் பேய்கள் கூழ் அட்டு, பரிமாறி, உண்டு களிக்கும் காட்சியைச் செயங்கொண்டார் பாடியது அதற்கு எண்ணூறு ஆண்டுகட்கு முன்னர். காரைக்கால் அம்மையார் சுடுகாட்டுப் பேய்களைத் தம் சுற்றம்போலப் பாடியது அதற்கும் மிக முற்பட்டது. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துள் வழிதவறி நுழைந்த சார்ங்கலன், பேயின் ஆட்டம் கண்டு அஞ்சி உயிர்விட்ட கதையை அறியாதார் யார்? தமிழ்ச் சிறுகதையிலோ, புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' 1943இல் இதைச் செய்துகாட்டியது. நிகழ்ந்தது மெய்யா, மனமயக்கமா என்பதை ஆசிரியர் கடைசிவரை சொல்வதில்லை. இன்றும் அக்கதையை இரவில் தனித்திருந்து படிப்பவர் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்ப்பர்.

நமக்கு இங்கே பெருந்துணை ஆவது தொல்காப்பியர் கருத்து. மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த அவர், அச்சம் பிறக்கும் இடங்களை நான்காகக் காட்டினார். தெய்வமும் பேயும் உள்ளிட்ட அணங்கு ஒன்று, கொடுவிலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தம்மை ஆளும் இறை ஒன்று. பேயையும் புலியையும் கள்வனையும் கண்டு அஞ்சுவது யார்க்கும் விளங்கும். அவற்றோடு ஒப்பத் தம் அரசனையும் வைத்தாரே, அதுதான் நுண்மை. நம்மைக் காக்க வேண்டியவனே நாம் அஞ்ச வேண்டியவனாகவும் இருக்கிறான் என்பதை அவர் ஓசையின்றிச் சொல்லிவிட்டார். அச்சப் படங்களை மதிப்பிட இந்நான்கையும் அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது நம் துணிபு. திரையில் அணங்கு தோன்றும்போது அதன் பின்னால் நிற்பவர் யார், அந்த அணங்கு அவரை மறைக்கிறதா, காட்டிக்கொடுக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இக்கேள்வியோடு தமிழ்ப் படங்கள் சிலவற்றை நோக்குவோம். 1966இல் வந்த 'யார் நீ?' படத்தில் வெள்ளுடை உடுத்த பெண்ணொருத்தி மழையிரவில் தோன்றி மறைகிறாள். முடிவில் எல்லாம் சொத்துக்காகச் செய்த சூழ்ச்சி எனத் தெரிகிறது. அணங்கின் முகமூடியைக் கழற்றினால் கள்வன் இருக்கிறான். காவலர் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போக, நாமும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். இவ்வகைப் படங்கள் இனிப்பதன் காரணம் வெளிப்படை. அச்சம் கடன் கொடுத்ததுபோல் வந்து, வட்டியோடு திரும்பி விடுகிறது.

2005இல் வந்த 'சந்திரமுகி'யின் நிலை வேறு. அப்படத்தின் அடியில் கிடப்பது ஓர் அரசனின் கொடுமை. ஆடல்மகள் ஒருத்தியைக் கவர்ந்து வந்து, அவள் காதலனைக் கொன்று, அவளையும் எரித்தவன் வேட்டையன். தொல்காப்பியர் சொன்ன நான்காம் இடமாகிய இறை இங்கே அப்பட்டமாக நிற்கிறது. ஆனால் படம் என்ன செய்தது? அணங்கை நோயாக்கிப் பெண்ணொருத்தியின் மனத்தில் வைத்து மருத்துவம் பார்த்தது. வேட்டையனாக வந்த நாயக நடிகர் 'லகலக' என்று முழங்கியபோது கொட்டகை முழுதும் எழுந்து கைதட்டியது. நாமும் தட்டினோம் என்பதை ஒளிப்பானேன்? எரிக்கப்பட்டவளைக் கண்டு அஞ்சி, எரித்தவனைக் கண்டு மகிழ்ந்து வீடு திரும்பினோம். 2011இல் வந்த 'காஞ்சனா' இவ்வகையில் ஒரு படி மேலானது எனலாம். நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை ஒருத்தியின் ஆவி நீதி கேட்டு வருகிறது; அஞ்ச வேண்டியவர் யார் என்பதில் படத்துக்குக் குழப்பம் இல்லை. எனினும் பழி தீர்ந்ததும் கணக்கும் தீர்ந்துவிடுகிறது. வீட்டுக்கு எடுத்துச் செல்ல எஞ்சுவது எதுவுமில்லை.

கணக்குத் தீராத படங்களே நாம் முதலில் கேட்ட வினாவுக்கு உரியவை. 1964இல் சப்பானிய இயக்குநர் கானேதோ சிந்தோ எடுத்த 'ஓனிபாபா'வில் ஆளுயர நாணற்காடு, அதன் நடுவே ஒரு பாழ்ங்குழி. போரினால் பசித்த இரு பெண்கள் வழிதப்பிய வீரர்களைக் கொன்று, அக்குழியில் தள்ளி, அவர்தம் கவசங்களை விற்று உண்கின்றனர். பின்னர் ஒரு பேய்முகமூடி வருகிறது. அணிந்தவள் முகத்தை விட்டு அது கழல்வதில்லை. உடைத்தெடுத்த பின் தெரியும் சிதைந்த முகத்தை, ஹிரோஷிமாவில் பிறந்தவரான சிந்தோ அணுகுண்டுக்கு இரையானோர் முகங்களை மனத்திற்கொண்டே அமைத்தார். அவர் யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. ஆனாலும் அம்முகத்தைப் பார்த்தவர்க்கு, பசியையும் போரையும் ஏவிய இறை கண்ணில் படாமல் இராது.

1977இல் அமெரிக்கரான டேவிட் லிஞ்சு எடுத்த 'இரேசர்ஹெட்' இன்னொன்று. ஆலைகள் மண்டிய நகர் ஒன்றில், குறைப்பிறவியாய் வந்த குழந்தையோடு ஓரறையில் கிடந்து தவிக்கிறான் இளந்தந்தை ஒருவன். அதில் கதையைத் தேடுவோர் ஏமாறுவர். படம் முழுதும் பொறிகளின் இரைச்சல், நீராவியின் சீற்றம், ஓயாத முழக்கம். ஆலை ஊரில் பிறந்து வளர்ந்தவர்க்கு அந்த ஓசை புதிதன்று. மில் ஓசையும் சங்கொலியும் கேட்டே உறங்கி எழுந்த நம் தலைமுறைக்கு, அந்த ஓசையே போதும், அடிவயிறு கலங்குவதற்கு. இதுபோன்ற படம் இனிக்கிறது என்று சொல்வதே பிழை. பெயரில்லாமல் நம்முள் கிடந்த ஒன்றுக்கு அது வடிவம் தருகிறது. அவ்வடிவத்தைக் கண்டதில் ஓர் ஆறுதல் பிறக்கிறது. பெரியவர் தம் கனவை நாற்பது ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை. படம் பார்த்த அன்றுதான் சொன்னார்.

இனித் 'தங்கலா'னுக்கு வருவோம். வடஆர்க்காட்டு வேப்பூரில் சிறுநிலம் உழும் தங்கலான், நிலத்தை இழக்கிறான்; பண்ணையடிமை ஆகிறான். பொன் தேடும் வெள்ளைத்துரை கிளமெண்ட் ஆள் கேட்டு வரும்போது, மீட்சி கிட்டும் என நம்பித் தன் ஊராரோடு புறப்படுகிறான். பொன்விளையும் காட்டை ஆரத்தி என்னும் அணங்கு காக்கிறாள். அவள் குருதிக்கும் மண்ணுள் கிடக்கும் பொன்னுக்கும் படம் ஓர் உறவைக் கற்பிக்கிறது. விக்ரம் தங்கலானாகவும் மாளவிகா மோகனன் ஆரத்தியாகவும் தோன்றுகின்றனர். தொல்காப்பியர் சொன்ன நான்கையும் ஒரே படத்தில் காண்பது அரிது. இங்கே அவை இருக்கின்றன. ஆரத்தி அணங்கு, பாம்புக் கூட்டமும் கருஞ்சிறுத்தையும் விலங்கு, நிலம் பறிப்பவர் கள்வர், ஊரில் மிராசும் காட்டில் துரையும் இறை.

முற்பகுதியில் இயக்குநர் இவற்றைப் பிணைத்திருக்கும் முறை பாராட்டத்தக்கது. தங்கலான் கனவில் ஆரத்தியைக் காணும் இடங்களில், அவள் பழங்கதையில் வந்தவளா, அவன் மனம் பெற்றவளா, உண்மையில் எதிரே நிற்பவளா என்று படம் சொல்வதில்லை. அவள் முன் அவன் நடுங்கும்போது பின்னால் துரையின் குரல் கேட்கிறது. எந்த அச்சத்தினின்று ஓடினால் எந்த அச்சத்தில் விழுவான் என்பது அவனுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. முதன்முறையாக ரவிக்கை அணியும் பெண்களின் மகிழ்ச்சியும் அதே படத்தில், பட்டப்பகலில், பாட்டும் ஆட்டமுமாய் வருகிறது. கங்கம்மாளாக வரும் பார்வதி அதில் நாணிச் சிரிக்கும் சிரிப்பு, பேய்க்காட்சிகள் அனைத்தினும் நம் நெஞ்சில் நெடுநாள் நிற்கும். வந்தவர்கள் வெறும் கூலிக் கூட்டமாக வரவில்லை, ஆசையோடு வந்தார்கள் என்பதை அக்காட்சி உணர்த்துகிறது. தங்கவயலின் பெயரைத் தலைப்பாக்கி 2018லும் 2022லும் வந்த கன்னடப் படங்களில் நம் மக்களுக்கு அந்த ஆசையும் இல்லை, பேச்சும் இல்லை. அவர்கள் நாயகனின் வருகைக்காக நிறுத்திவைக்கப்பட்ட புழுதி படிந்த கூட்டம், அவ்வளவே.

புத்தர் சிலை ஒன்று படத்தில் இடம்பெறுகிறது. வெளியூரார்க்கு அஃது இயக்குநரின் கொள்கை விளக்கமாக மட்டும் தோன்றக்கூடும். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்ததையும், 1907இல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் ஒரு காலத்தில் அப்பாதுரையார் முயற்சியால் தங்கவயலிலிருந்தே வெளிவந்ததையும் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்க்கு அப்படித் தோன்றாது.

இத்துணை நன்மைகளையும் கடைசிப் பகுதி குலைத்துவிடுகிறது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியுள்ளது. தங்கலான் யார், ஆரத்தி யார், முற்பிறப்பு என்ன, மரபு என்ன என்று ஒன்றன்பின் ஒன்றாக விளக்கம் வருகிறது. கனவாக இருந்தது சான்றிதழாக மாறுகிறது. நிலத்தின் மேல் உள்ள உரிமையை நிறுவ இயக்குநர் விரும்பியது நமக்கு விளங்காமல் இல்லை. அவ்விருப்பத்தோடு நமக்குப் பகையும் இல்லை. எனினும் அதற்காக அணங்கின் மருட்சியை அவர் செலவழித்திருக்க வேண்டா. புதுமைப்பித்தன் 'காஞ்சனை'யின் ஈற்றில் அவள் குலம் கோத்திரம் சொல்லி முடித்திருந்தால் அக்கதையை இன்று யார் நினைப்பார்?

இதனினும் வலிய தடை ஒன்றை நம்முள் சிலர் எழுப்புகின்றனர். "நம்ம தாத்தாமார் செத்தது ஆரத்தியாலா? பாறை வெடிச்சுச் செத்தாங்க, தூசு தின்னு நெஞ்சடைச்சுச் செத்தாங்க. அதுக்குப் பேய் வேஷம் போட்டா கம்பெனிக்காரன் தப்பிச்சுக்குவான்" என்று உறவினர் ஒருவர் நம்மோடு நெடுநேரம் வாதிட்டார். அவர் கூற்றைத் தள்ளிவிட முடியாது. வரலாறு அவர் பக்கம் இருக்கிறது. 1802இல் ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி இப்பகுதி ஊரார் மண்ணை அரித்துப் பொன்துகள் எடுத்ததை எழுதிவைத்தார். ஜான் டெய்லர் கம்பெனி வந்தது 1880இல். படம் காட்டும் காலமோ ஏறத்தாழ 1850. ஆகவே துரையும் கூலியும் பொன்னும் கூடிய அந்தக் கதை, உண்மையான கம்பெனி வருவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. தட்டி வீடுகளும் லைன்களும் படத்தில் இல்லை. கேஜ் இல்லை. ஷிப்டு முடிந்து மேலே வந்தவரை, பொன் ஒளித்து வைத்திருக்கிறாரா என்று சோதித்தது இல்லை. கள்வர்க்கு அஞ்சுவது பிற ஊர்களில் வழக்கம். தோண்டியவனையே கள்வன் என்று ஐயுற்றது நம் ஊரில். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டு வேலைநிறுத்தம் செய்தனரே, அவர்கள் அஞ்சியது எந்தப் பேய்க்கு? பெருவிரல் மையில் தோய்ந்து தாளில் பதிவதற்கு அஞ்சினர். பேய்ப்படம் எடுப்போர் கனவிலும் நினையாத அச்சம் அது.

ஆயினும், உறவினர் சொன்னதிலிருந்து பேய்க்கதையே வேண்டா என்னும் முடிவுக்கு நாம் வரவில்லை. இறையைக் காட்ட வழக்குப் பத்திரமும் வரலாற்று நூலும் போதும். அவ்விறையின் கீழ் வாழ்ந்தவர் இரவில் கண்ட கனவைக் காட்ட அவை உதவா. சனகி நாயர் 1998இல் எழுதிய ஆய்வுநூல் நம் தொழிலாளரின் வாழ்வையும் போராட்டத்தையும் விரிவாகச் சொல்கிறது. நம் வீடுகளில் இருக்க வேண்டிய நூல். பெரியவரின் கேஜ் அதில் இராது. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. அது கலையின் வேலை. அணங்கைக் காட்டும் கலைஞன் இறையை மறவாதிருந்தால் போதும். 'தங்கலான்' பெரும்பாலும் மறவாதிருந்தது என்பதால்தான் அதனை இவ்வளவு விரித்துப் பேசுகிறோம்.

குறை வேறிடத்தில் உள்ளது. பெரியவர் சொன்ன இடத்தில். படத்தில் ஆழம் இல்லை. சாம்பியன் ரீப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அடியில் பாறையின் வெம்மை 60 டிகிரி செல்சியசுக்கும் மேல். மேலிருந்து அமுக்கும் பாரம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறுவதை நம்மவர் 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். அவ்வதிர்ச்சி மேலே லைன் வீடுகளில் அடுக்கிய ஏனங்களை உலுக்கும். ஏனங்கள் உலுங்கியதும் பெண்கள் அடுப்பை விட்டு வாசலுக்கு வருவார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எந்த வீட்டு ஆள் எந்த ஷிப்டில் இறங்கியிருக்கிறார் என்பது எல்லார்க்கும் தெரியும். செய்தி வரும்வரை நிற்பார்கள். நாம் சிறுவராய் இருந்து கண்ட அச்சக் காட்சி இதுவே. பேய் இல்லை, இருட்டுமில்லை. காலை வெயிலில், கையில் கரண்டியோடு, வரிசையாக நிற்கும் பெண்கள். எந்தப் படத்திலும் இதனைக் கண்டதில்லை.

அதே ஆழத்தில் இன்னொன்றும் நடந்தது. எதனையும் துளைத்துச் செல்லும், கண்ணுக்குப் புலப்படாத நியூட்ரினோ என்னும் நுண்துகள் காற்றுமண்டலத்தில் பிறந்து வருவதை, 1965இல் விஞ்ஞானிகள் நம் சுரங்கத்தினுள் கருவிகளை வைத்துக் கண்டறிந்தனர். ஒரு பக்கம் பொன்னுக்காக ஆட்கள் வியர்த்துக்கொண்டிருக்க, மறுபக்கம் காணவியலாத ஒன்றுக்காகச் சிலர் விளக்கொளியில் காத்திருந்தனர். லிஞ்சைப் போன்ற ஒருவர் கையில் இது கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பாரோ!

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் தந்த மண்ணில் இன்று நிற்பவை சயனைடு மேடுகள். வெள்ளையும் சாம்பலுமாய் மரமற்று நிற்கும் அம்மேடுகளில் படப்பிடிப்புக் குழுவினர் வந்து சண்டைக்காட்சியும் பாட்டும் எடுத்துப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். காண்பவர்க்கு அது வேற்றுலகம். காற்று வீசும் நாளில் அந்தத் தூள் நம்மவர் வீட்டு உலர்துணியிலும் உலைப்பானையிலும் படியும். மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் பெங்களூர் புறப்படும் இரயிலில் நின்றுகொண்டே உறங்கிச் செல்லும் இளைஞர்க்கு, தங்கள் தாத்தா இறங்கிய குழி நீர் நிரம்பிக் கிடக்கிறது என்பது செவிவழிச் செய்தி மட்டுமே. அவர்கள்தாம் அச்சப் படங்களை விரும்பிப் பார்க்கின்றனர். நாம் அறிந்த இளைஞர் ஒருவர் கைபேசியில் கொரிய, சப்பானியப் பேய்ப்படங்களாகத் தேடிப் பார்ப்பவர். காரணம் கேட்டபோது, "அதுல கடைசி வரைக்கும் எதுவும் சரியாகாது. அது புடிச்சிருக்கு" என்றார். நாம் வியக்கவில்லை.

இக்கட்டுரையை எழுதி முடிக்குமுன் பெரியவரை மீண்டும் கண்டு அவர் கனவைப் பற்றிக் கேட்டோம். கேஜில் அவர் மட்டும் இருப்பாரா, துணை உண்டா என்று கேட்டோம். "நெறையப் பேர் இருப்பாங்க. எங்கப்பாவும் இருப்பாரு. யாரும் பேச மாட்டாங்க. லைட்டு மட்டும் எல்லார் தலையிலயும் எரியும்" என்றார். தந்தையார் எந்த ஆண்டில் சுரங்கத்தில் சேர்ந்தார் என்று கேட்டோம். அது நினைவில்லை என்றார். லைன் வீட்டு எண் நினைவிருந்தது.